தேரைக் கேட்டால் மாலை வருகிறது

கேள்வி: அண்ணா, குடியாத்தத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை நானும் மச்சானும் ஆளுக்கொரு கேமராவில் எடுத்தோம். தேர், மாலை, சிரசு, சிரசு [2] என்று தமிழிலேயே ஃபோல்டர் பெயர். விழாக்குழு தேர்ந்தெடுத்த படங்களுக்கெல்லாம் ஆல்பம் ஃபோல்டரில் ஷார்ட்கட் போட்டேன். அந்த ஷார்ட்கட்டுகளை நீக்கி அசல் படத்தை வைக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்டை (விண்டோஸுக்கான கட்டளைத் தொகுப்பை) ஓட்டினேன். ஒரு எரர்கூட வரவில்லை. ஆனால் தேர்ப் படங்கள் சில மாலைப் படமாகிவிட்டன. 'சிரசு [2]' படம் ஒன்றுகூட இல்லை, ஷார்ட்கட்டும் போச்சு. "இன்னாப்பா, தேர் கேட்டா மாலை குடுத்துகீற?" என்று கேட்கிறார்கள். மெமரி கார்டு கோளாறா?

பதில்: கார்டைத் திட்டாதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்தேன். அது 'டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்' என்ற பழைய கருவியைக் கொண்டு ஷார்ட்கட்டைத் திறக்கிறது. அதற்கு எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோட் சரிவராது, விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணைகளிலோ தமிழுக்கு இடமே கிடையாது. ஆகவே தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாகிறது. அசல் படத்தின் பாதையை, அதாவது அது இருக்கும் இடத்தின் முகவரியை, திரையில் அச்சிட்டுப் பாருங்கள், தெரியும்.

வெறும் கேள்விக்குறியாக நின்றிருந்தால் எரராவது வந்திருக்கும். பவர்ஷெல்லின் 'காப்பி-ஐட்டம்' கட்டளைக்குக் கேள்விக்குறி என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். நம் கண்ணுக்கு 'தேர்' இரண்டெழுத்து. கம்ப்யூட்டர் த, ஏகாரக் குறி, ர, புள்ளி என நான்காக எண்ணும். 'மாலை'யும் ம, கால், ல, ஐகாரக் குறி என நான்குதான். நான்கு கேள்விக்குறிக்கு இரண்டு ஃபோல்டரும் பொருந்துகின்றன. உங்கள் கேமராவிலும் 0412 என்ற எண்ணில் ஒரு படம், மச்சான் கேமராவிலும் 0412. இரண்டும் ஒரே பெயரில் ஆல்பத்துக்குள் வந்து, பின்னால் வந்த மாலை முன்னால் வந்த தேரை அழித்துவிட்டது. தேரில் இருந்து மாலையில் இல்லாத எண்கள் மட்டும் தப்பின. 'சிரசு'க்கு ஐந்து; ஐந்து எழுத்தில் வேறு ஃபோல்டர் இல்லாததால் பிழைத்தது. அது ஸ்கிரிப்டின் சாமர்த்தியம் இல்லை.

'சிரசு [2]' கதை வேறு. சதுர அடைப்புக்குள் இருப்பதில் 'ஏதாவது ஒன்று' என்று பவர்ஷெல் வாசிக்கும். அடைப்பை விட்டுவிட்டு 'சிரசு 2' என்ற ஃபோல்டரைத் தேடியிருக்கிறது. குறிகளுள்ள பாதைக்கு எதுவும் பொருந்தாவிட்டால் அது எரர் அல்ல, சும்மா இருந்துவிடும். அடுத்த வரி ஷார்ட்கட்டை நீக்கியது. அப்படி நீக்கியது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. காட்பாடியில் என் கடையிலேயே ஒரு மாதத்து பில்கள் இப்படிக் காணாமல் போய், கடைப் பையனை நான் ஏசியிருக்கிறேன். பாவம் அவன்.

திருத்தம் இதுதான். பாதையை 'ஷெல்.அப்ளிகேஷன்' என்ற இன்னொரு விண்டோஸ் கருவி வழியாக, 'கெட்லிங்க்' கொண்டு எடுங்கள்; தமிழ் தமிழாகவே வரும். காப்பி செய்யும் வரியிலும் ஷார்ட்கட்டைக் கையாளும் வரியிலும் 'பாத்' என்பதை 'லிட்டரல்பாத்' ஆக்குங்கள். அப்போது அடைப்புக்கும் கேள்விக்குறிக்கும் உள்ளது உள்ளபடிதான் பொருள். புதுப் பெயரின் முன்னால் ஃபோல்டர் பெயரையும் ஒட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு 0412-ஐயும் குழு கேட்டிருக்கும்போது மறுபடி ஒன்று மற்றதை விழுங்கும். நீக்கும் வரியை எடுத்துவிட்டு, ஷார்ட்கட்டை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

அசல் படங்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன, பயப்படாதீர்கள். போனது தேர்வுதான். குழுவினர் எண்களை நோட்டில் குறித்து வைத்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர்களைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, 'சிரசு [2]'-ஐயும் தேரையும் மறுபடி காட்டத்தான் வேண்டும்.