கோரைக்குப் பயந்து 60 ஆயிரத்தைக் கொட்டாதீர்கள்

கேள்வி: மாதவரத்தில் தனி வீடு. வாசலில் சுமார் 500 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மழைக்குப் பிறகு கோரை கிளம்பி, பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருக்கிறது. மதில் ஓரமாக அருகம்புல்லும் ஏறுகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் செம்மண் கொட்டி, மறுபடி புல் பதிக்க 60 ஆயிரம் கேட்கிறார்கள். தோட்டக்காரரோ மருந்தடித்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். 60 ஆயிரம் வங்கியிலேயே இருக்கட்டும்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள், இந்தக் கோரை உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? காற்றில் விதை பறந்து வந்ததா? கோரை விதையால் பரவுவது அபூர்வம், கிழங்கால்தான் பரவும். கிழங்குக்குக் கால் கிடையாது, லாரி உண்டு. வடசென்னையிலும் அதை ஒட்டிய புறநகரிலும் செம்மண் என்ற பெயரில் இறங்குவதில் பாதி, ஏரியிலோ வயலிலோ தோண்டிய சவுட்டு மண்ணுக்கு மேலாகக் கொஞ்சம் சிவப்பு தூவியது. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் கோரை இல்லாத ஒரு வரப்பைக் காட்டுங்கள் பார்ப்போம். இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்களுக்குப் புல் போட்டவர் இந்தக் கிழங்கையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார், இப்போது அதே கிழங்கைக் காட்டி இன்னொரு லோடு விற்கப் பார்க்கிறார்கள். இவர்கள் சுரண்டுவது மிஞ்சிப் போனால் மூன்று அங்குலம். கிழங்கு பெரும்பாலும் மேல் அரையடியில் இருக்கும், சில அதற்கும் கீழே போகும். மிச்சக் கிழங்கு கீழே, புதுக் கிழங்கு மேலே, நடுவில் உங்கள் பணம்.

சரி, பிடுங்கினால் ஏன் போகவில்லை? கோரை நிஜத்தில் புல் வகையே இல்லை. பூத்தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், உருளாது. தரைக்குக் கீழே கிழங்குகள் ஜெபமாலை மாதிரி ஒரே நூலில் கோர்த்துக் கிடக்கும். மேலே முளைத்த கிழங்கு உயிரோடு இருக்கும் வரை மற்றவை பெரும்பாலும் தூங்கும். நீங்கள் வெடுக்கென்று இழுத்தால் இலையும் கொஞ்சம் தண்டும் கையோடு வரும், நூல் அறுந்துபோகும், தூங்கின கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். ஒன்று நாலானது அப்படித்தான். கறுப்பு பிளாஸ்டிக் விரித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கோரைக் குருத்து அந்த ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கல்லுப்பு, வினிகர் எல்லாம் மண்ணைக் கெடுக்கும், கிழங்கைத் தொடாது. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குக் காசு கொடுத்து வாங்குவதும் இதே கிழங்குதான், ஆனால் கடைக்காரர் உங்கள் தோட்டத்துக்கு வந்து எடுத்துப் போகமாட்டார்.

செய்ய வேண்டியது, பட்டினி போடுவது. குருத்தில் ஐந்தாறு இலை வரும்வரை அது கிழங்கில் உள்ள சேமிப்பைச் செலவு பண்ணிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் போனால் புதுக் கிழங்கு வைக்க ஆரம்பிக்கும். ஆகவே அதற்குள் வெட்டிவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காய்கறிக் கத்தி போதும், குருத்தின் அடியில் மண்ணுக்குள் ஓர் அங்குலம் சாய்த்து இறக்கி அறுத்தால் பக்கத்துக் கொரியன் புல் அசையாது. முதல் முளைக்கே பாதிக்கு மேல் சேமிப்பு தீர்ந்துவிடும், அடுத்தடுத்து வருவது ஒல்லியாக, வெளிறி வருவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். ஆனால் ஒரு கிழங்கு பத்துத் தடவைக்கு மேலும் முளைக்கக் கூடியது, அதனால் ஒரு மாதம் செய்துவிட்டு நிறுத்தினால் செய்யாததற்குச் சமம். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், அடுத்த கோடை வரை இதை விடக் கூடாது. கூடவே தினம் குழாயைப் பிடித்துத் தெளிப்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நன்றாக ஊறும்படி விடுங்கள். மேல் மண் எப்போதும் ஈரமாக இருந்தால் கோரைக்குத்தான் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் தண்ணீர் நிற்கிறதென்றால் முதலில் வடிகால் பாருங்கள்.

மருந்து விஷயம். தோட்டக்காரர் கையில் எடுப்பது அநேகமாகக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியாக இருக்கும். அதற்குக் கோரை, கொரியன் புல் என்ற பேதம் தெரியாது, பட்டதெல்லாம் காயும். போதாததற்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது, அதற்காகக் கடையில் கேட்டால் கிடைக்காமல் போகிறதா என்ன. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை எடுத்து வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது மேலிலையை மட்டும் பொசுக்கும், கிழங்கு சிரித்துக்கொண்டிருக்கும். வாய்க்குள் போனால் மாற்று மருந்து கிடையாது.

கோரையை மட்டும் குறிவைக்கும் மருந்து ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஹாலோசல்பியூரான் மெத்தில். கொரியன் புல் அதைத் தாங்கும். ஆனால் லேபிளில் கரும்பு மாதிரி பயிர்களைத்தான் போட்டிருப்பார்கள், புல்தரை என்று இருக்காது, ஏனென்றால் நம்முடைய சட்டத்துக்கு மாதவரத்து வாசல் ஒரு நிலமே இல்லை. அரசு அலுவலகத்தில் போய்க் கேட்டால் சிட்டா அடங்கல் இருக்கிறதா என்பார்கள், வாசலில் இருக்கும் புல்லுக்கு எங்கே போய் அடங்கல் வாங்குவது? கடையில் அது ஓர் ஏக்கருக்கு 36 கிராம் என்ற கணக்கில் பாக்கெட்டாக வருகிறது. ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. உங்கள் 500 சதுர அடிக்கு வருவது அரை கிராமுக்கும் குறைவு. நகைக்கடைத் தராசு வேண்டும் அதை நிறுக்க. தோட்டக்காரர் ‘ஒரு ஸ்பூன் போட்டா நல்லா பிடிக்கும் மேடம்’ என்று கொட்டுவது அதைப் போலப் பல மடங்கு. பக்கத்தில் கீரைப் பாத்தி இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். அடித்தாலும் இலை மஞ்சளாக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை அடித்துக் காசு வாங்குவார்கள். 500 சதுர அடிக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, கத்தியோடு நிறுத்துங்கள்.

மொத்தமாகத் தோண்டுவது சரியாக வரும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. பாதிக்கு மேல் கோரைதான், கொரியன் புல் தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்திருந்தால், தோண்டலாம். அதுவும் சித்திரையில், கத்திரி வெயிலில்தான். ஒரு மாதம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டி, கட்டியை உடைத்து, கைக்குக் கிடைக்கிற கறுப்புக் கிழங்கை எல்லாம் பொறுக்கி எடுங்கள், மிச்சம் வெயிலில் காயட்டும். கோரைக்கிழங்குக்குக் காய்ச்சல் ஆகாது, நன்றாக வற்றினால் செத்துவிடும். நாலைந்து நாள் கழித்து மறுபடி புரட்ட வேண்டும், அப்புறம் இன்னொரு தடவை. நடுவில் கோடை மழை ஒன்று பெய்தால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அதன் பிறகு வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, தப்பிப் பிழைத்தது முளைக்கட்டும், அதையும் எடுங்கள். இத்தனைக்கும் மண் வெளியே போகவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது. மட்டம் குறைகிறது, அரையடி ஏற்றியே ஆக வேண்டும் என்றால் அது இரண்டரை யூனிட் மண் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). லாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால், எந்தக் குவியலிலிருந்து வருகிறதோ அங்கேயே போய் ஒரு பாண்டுச் சட்டி மண் எடுத்து வந்து, வெயிலில் வைத்து மூன்று வாரம் தண்ணீர் விடுங்கள். ஊசி மாதிரிப் பச்சைக் குருத்து வந்தால் அந்த மண் வேண்டாம். ‘மூணு வாரம் எல்லாம் வண்டி நிக்காது சார்’ என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். கார்பெட்டாக வரும் புல்லையும் அப்படியே பதித்துவிடாமல் திருப்பிப் போட்டு, அடியில் கம்பி மாதிரிக் கறுப்பு நூலோ கிழங்கோ தெரிகிறதா பாருங்கள். கூலியில் பாதியை இரண்டு மாதம் கழித்துத் தருவதாகப் பேசுங்கள், அதற்குச் சம்மதிக்கிற கான்ட்ராக்டர் அமைவது கஷ்டம், அமைந்தால் விடாதீர்கள்.

அருகம்புல்லுக்கு இத்தனை கவலை வேண்டாம். அது தரை மேலேயும் ஓடும், அடியிலும் ஓடும், கொரியன் புல்லை விட வேகம். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்தினவர்கள் யாரும் புல்தரை வைத்திருந்திருக்க மாட்டார்கள். மருந்தில் இரண்டையும் பிரிப்பது வீட்டில் நடக்காத காரியம். மதில் ஓரமாக அரையடி ஆழத்துக்கு ஒரு தகடோ செங்கல் வரிசையோ இறக்கி, உள்ளே தாண்டி வந்த கொடியை மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது கணுவோடு உருவி எடுத்தால் போதும். நாள் முழுக்க வெயில் விழுகிற மூலையை அது ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால் அங்கே சண்டை போடாமல் ஒட்ட வெட்டி அப்படியே விட்டுவிடுங்கள், கடையில் பெர்முடா என்று விற்பதும் இதே இனம்தான். தோட்டக்காரரை மட்டும் அந்தப் பக்கம் யூரியா போட விடாதீர்கள்.