மட்டை பேசட்டும்: ஹாக்கி கேள்வி பதில்

கல்லூரி ஹாக்கியில் லீக் ஆட்டங்கள் முடியும் தறுவாயில், நாக்-அவுட் தொடங்கப்போகும் நேரம் இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகள் இங்கே.

எங்கள் பிரிவில் ஐந்து அணிகள். முதல் இரண்டு இடத்துக்குத்தான் அரையிறுதி. 'அ' அணியும் 'ஆ' அணியும் நாலு ஆட்டத்தையும் முடித்துவிட்டு, ஆளுக்கு 2 வெற்றி, 2 டிரா என்று 8 புள்ளியில் உட்கார்ந்திருக்கின்றன. எங்களுக்கு 3 ஆட்டத்தில் 1 வெற்றி, 2 டிரா; 5 புள்ளி. அந்த இரண்டு டிராவும் இவர்களோடு ஆடியதுதான். நாங்கள் அடித்தது 6, வாங்கியது 4. 'அ' அடித்தது 7, வாங்கியது 2. 'ஆ' அடித்தது 7, வாங்கியது 3. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மட்டும் போதுமா?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

போதாது. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும்.

புள்ளி சமமானால் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் போட்டி விதி இந்த வரிசையில்தான் பார்க்கும்: முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, அடுத்து கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல், அதற்கும் பிறகுதான் நேருக்கு நேர் ஆடிய முடிவு. நீங்கள் ஜெயித்தால் மூன்று அணிக்கும் 8 புள்ளி, மூன்று அணிக்கும் 2 வெற்றி. ஆகவே கணக்கு கோல் வித்தியாசத்துக்கு வந்துவிடும். 'அ'வுக்கு 5, 'ஆ'வுக்கு 4, உங்களுக்கு இப்போது 2.

ஒரு கோலில் ஜெயித்தால் உங்களுக்கு 3, மூன்றாம் இடம், மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு கோலில் ஜெயித்தால் 'ஆ'வோடு சமம். அப்போது அடித்த கோல் பார்ப்பார்கள். 2-0 என்று ஜெயித்தாலே உங்கள் மொத்தம் 8, அவர்களுடையது 7. உள்ளே போய்விடுவீர்கள். மூன்று கோல் வித்தியாசம் என்றால் 'அ'வோடு சமம், அதிலும் அடித்த கோலில் நீங்கள்தான் முன்னால், பிரிவிலேயே முதலிடம். அரையிறுதியில் அடுத்த பிரிவின் முதல் அணியைத் தவிர்க்க அது உதவும். ஒரு எச்சரிக்கை: சில உள்ளூர் போட்டிகளில் நேருக்கு நேர் முடிவை முன்னால் வைத்திருப்பார்கள். மேனேஜர் கூட்டத்தில் கொடுத்த விதித்தாளை உங்கள் பி.டி. சாரிடம் வாங்கி இன்றே படியுங்கள்.

இந்தக் கணக்கு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களையும் மாற்றிவிடுகிறது. உங்களுக்கு 1-0 வெற்றியும் 0-0 டிராவும் ஒன்றுதான், இரண்டிலும் வெளியே. எனவே 1-0 என்று முன்னிலையில் இருந்து ஐந்து நிமிடம் பாக்கி என்றால், கோலியை (கோல்கீப்பரை) வெளியே எடுத்துவிட்டு பதினோராவது ஆளாக ஒரு ஃபார்வர்டை இறக்குங்கள். முன்னிலையில் இருக்கும்போது கோலியை எடுப்பதா என்று கேலரியில் திட்டுவார்கள், திட்டட்டும். ஒரு ஆபத்து மட்டும் உண்டு. எதிரணிக்கு ஷார்ட் கார்னர் (பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு கோலை நோக்கி அடிக்கும் தண்டனை வாய்ப்பு) கொடுத்த பிறகு, அது முடியும்வரை ஆள் மாற்ற விதி இடம் தராது. கோலி இல்லாமலே ஐந்து பேர் தடுக்க வேண்டும். அந்த ஐந்து பேர் யார், யார் எந்தப் போஸ்ட்டில் நிற்பது என்பதை முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முகக்கவசத்தை கோல் வலைக்குள் தயாராக வையுங்கள்.

கடைசி ஐந்து ஆட்டங்களில் 19 ஷார்ட் கார்னர் கிடைத்தது. கோல் இரண்டே இரண்டு. எங்கே தப்பு?
– கல்லூரி அணி உதவிப் பயிற்சியாளர், கிருஷ்ணகிரி

கடைசிக் கட்டத்தில் அணியின் ஃபார்மை அளக்க வெற்றி தோல்வியைவிட இந்தக் கணக்குதான் நல்ல அளவுகோல். 19 முறை வாங்கியிருக்கிறீர்கள் என்றால் டி-க்குள் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) நுழையும் ஆட்டம் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போவது அதற்குப் பிறகு வரும் இரண்டு விநாடியில்.

ஸ்டாப்வாட்சை எடுங்கள். புஷ் செய்பவரின் மட்டையிலிருந்து பந்து கிளம்பியது முதல் ஷாட் அடிக்கும்வரை இருபது முறை அளந்து எழுதுங்கள். 2 விநாடியைத் தாண்டினால் முதல் ரஷ்ஷர் (கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வரும் தடுப்பாளர்) வந்து நின்றுவிடுவார். பந்து அவர் காலில்தான் படும். தாமதம் மூன்று இடத்தில் நடக்கும்.

முதலாவது புஷ். கோல் போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டின் மேல் பந்தை வைக்க வேண்டும். புஷ் செய்பவரின் ஒரு காலாவது மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பெரும்பாலோர் கையால் மட்டும் தள்ளுகிறார்கள். பின்காலில் எடையை வைத்து, முன்காலுக்கு அதை மாற்றும்போதே மட்டை பந்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மட்டை முதலில் பந்தோடு ஒட்டியிருக்கட்டும். 'டக்' என்று சத்தம் கேட்டால் அது புஷ் இல்லை, தட்டு, பந்து குதிக்கும்.

இரண்டாவது நிறுத்துவது. உங்கள் ஊர் மண் கிரவுண்டில் தொல்லையே இதுதான். தை, மாசி காலைகளில் பனி இறங்கி செம்மண் ஈரமாக இருக்கும்; பந்தில் மண் ஒட்டி வேகம் குறையும். வெயில் ஏறிய பிறகு அதே இடம் காய்ந்து, சிறு கல்லில் பட்டுப் பந்து எகிறும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பின்கோட்டிலிருந்து டி-யின் தலைவரை பந்து ஓடப்போகும் தடத்தை நடந்து பார்த்து, கல்லைப் பொறுக்கி, காலால் தேய்த்துவிடுங்கள். இரண்டு பக்கத் தடத்தையும் பார்த்து, எது சமமோ அந்தப் பக்கத்திலிருந்தே புஷ் செய்யுங்கள். விதி எந்தப் பக்கத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும், அந்த முனையையும் மறக்காதீர்கள். பந்து துடைக்க ஒரு பழைய துணி பெஞ்சில் இருக்கட்டும். ஸ்டாப்பர் டி-க்கு வெளியே அரை மீட்டருக்குள் நிற்க வேண்டும். பந்து டி-யை விட்டு வெளியே போகாமல் ஷாட் அடித்தால் கோல் இல்லை என்பதால், பயந்துகொண்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். அந்த ஒரு மீட்டரை உள்ளே இழுத்துவரும் நேரம் ரஷ்ஷருக்குக் கிடைத்த பரிசு.

மூன்றாவது அடி. மண்ணில் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையோடு இழுத்து வீசுவது) வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மட்டையின் தண்டில் பந்து உருண்டு வர சமமான தரை வேண்டும். மண்ணில் பாதி இழுவையிலேயே துள்ளிவிடும். நேர் ஹிட்டே நல்லது. ஆனால் முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால், கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பின்பலகை உயரத்துக்கு மேல், போகக் கூடாது. உங்கள் 17 தவறில் எத்தனை 'உயரம்' என்று விசில் ஊதப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். பந்து முன்காலின் உள்பக்கத்துக்கு நேராக இருக்கும்போது அடித்தால் தாழ்வாகப் போகும். காலுக்கு முன்னால் போய்விட்டால் எழும்பும்.

இருப்பதே இரண்டு வாரம் என்றால் புதிதாக ஐந்து தந்திரம் கற்றுக்கொடுக்காதீர்கள். நேர் ஹிட் ஒன்று. அடிப்பதுபோல் காட்டி இடது பக்கம் நழுவவிட்டு போஸ்ட்டருகே ஒருவர் திருப்பிவிடுவது ஒன்று. நாளுக்கு 30 புஷ், 30 ஸ்டாப், அதே மூன்று பேர். ஆளை மாற்றி மாற்றிப் பார்ப்பது லீக் தொடக்கத்தில் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது கால் (15 நிமிடப் பகுதி) வரை நன்றாக ஆடுகிறோம். நாலாவது காலில் கோல் வாங்கித் தோற்கிறோம். தெம்பு இல்லையா, மனசு சரியில்லையா?
– மகளிர் அணி வீராங்கனை, அரூர்

மனசைக் குறை சொல்வதற்கு முன் பெஞ்சைப் பாருங்கள். ஹாக்கியில் ஆள் மாற்ற எண்ணிக்கை வரம்பே கிடையாது. போனவர் திரும்ப வரலாம். ஆனாலும் 'நல்லா ஆடுற பொண்ணை எதுக்கு எடுக்கணும்' என்று நாலு காலும் ஓடவிட்டு, நாலாவது காலில் அவர் நடக்கிறார்.

நீங்கள் 16 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோலி போக 14. களத்தில் 10, வெளியே 4. மூன்று ஃபார்வர்ட் இடத்துக்கு ஐந்து பேர் என்றால், 15 நிமிடக் காலில் ஆளுக்கு 9 நிமிடம். மூன்று ஹாஃப் (நடுவரிசை) இடத்துக்கு நாலு பேர் என்றால் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு பேக் (தற்காப்பு) இடத்துக்கு ஐந்து பேர், 12 நிமிடம். இதைத் தாளில் எழுதி, கையில் கடிகாரத்தோடு பெஞ்சில் ஒருவரை உட்கார வையுங்கள். அவருக்கு வேறு வேலை வேண்டாம். முதல் காலிலிருந்தே மாற்ற வேண்டும். களைத்த பிறகு மாற்றினால் இரண்டு நிமிடத்தில் மீளாது.

இன்னொன்று கார்டு. களைத்தவர் கால் நகர்த்தாமல் மட்டையை நீட்டுவார். பச்சை அட்டை என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம் பத்துப் பேரோடு ஆட வேண்டும். உங்கள் அணி வாங்கிய கோல்களில் எத்தனை அந்த நேரத்தில் விழுந்தவை என்று பாருங்கள்.

சேலத்தில் காலை 7 மணி ஆட்டத்துக்கு விடியற்காலையில் கிளம்பி, மஞ்சவாடி கணவாய் தாண்டி வெறும் வயிற்றோடு இறங்கினாலும் கடைசிக் கால் இப்படித்தான் முடியும். முடிந்தால் முந்தின இரவே போய்த் தங்குங்கள். ராகிக் களி முந்தின இரவுக்கு நல்லது; காலையில் வேண்டாம், வயிற்றில் கல்லாக நிற்கும். ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இட்லி மூன்று நாலு, அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் சில மடக்கு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

மனசுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறோம். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாதி நேரத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி இருந்தது; 4-3 என்று ஜெயித்தது. வெற்றி கோல் விழுந்தது 56-வது நிமிடத்தில்.

செம்மண்ணில் ஆடிப் பழகிய எங்களுக்கு நாக்-அவுட் டர்ஃபில் (செயற்கைப் புல்தளம்). நாலே நாள் இருக்கிறது.
– வாசகர், காரிமங்கலம்

சிமெண்ட் கூடைப்பந்துத் தளம் கிடைத்தால் அங்கே போங்கள். பந்து துள்ளாமல் ஓடுவது எப்படி என்று கை பழகும். புது மட்டையைக் கொண்டுபோகாதீர்கள், அடிப்பக்கம் தேய்ந்துவிடும். மண்ணில் பந்து எகிறும் என்று மட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தே பழகியிருப்பீர்கள். டர்ஃபில் பந்து அடியில் நழுவும். முழங்காலை மடக்கி, கைப்பிடியைத் தரைக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துங்கள். பாஸை ஆளுக்கு முன்னால் விடும் தூரத்தையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பந்தும் கோட்டைத் தாண்டும். கூர் ஆணி ஷூ வேண்டாம். முதல் நாளே இரண்டு மணி நேரம் ஆடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். 40 நிமிடம் போதும்.

மாவட்டத்திலிருந்து மேலே போக என்ன வழி?
– முதலாண்டு மாணவரின் தந்தை, ஊத்தங்கரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கவனிக்கப்படுகிறவர்களுக்குத் தேர்வு முகாம். அதிலிருந்து பல்கலைக்கழக அணி. அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே வழக்கமாக முதலில் நாக்-அவுட், மிஞ்சும் நாலு அணிகளுக்குள் லீக். ஒரு நாள் சறுக்கினால் மொத்தப் பயணமும் வீண். உங்கள் மகனின் கல்லூரி அரையிறுதிக்குப் போகாவிட்டாலும் அவர் தேர்வாகலாம். தேர்வாளர்கள் பார்ப்பது ஆளை. இடது பக்கம் ஆடுபவர்களும் நல்ல புஷ்ஷர்களும் எப்போதும் பற்றாக்குறை.

என் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அவன் கல்லூரி ஹாக்கி அணி 'பிளே ஆஃபு'க்குப் போகுமா என்று தினமும் கணக்குப் போடுகிறான். நம் கணக்கேதானா?
– வாசகி, ஓசூர்

அது பனித்தரை ஹாக்கி அம்மா. கோலியோடு சேர்த்து ஆறு பேர், 20 நிமிடமாக மூன்று பகுதி. தேசியப் போட்டிக்கு 16 அணிகள். ஆறு லீக் சாம்பியன்களுக்கு நேரடி இடம், பாக்கி பத்து இடம் சீசன் முழுவதும் ஆடியதைக் கணக்கிடும் தரவரிசைப்படி. பலமான அணியை வென்றால் அதிக மதிப்பு என்பதால், உங்கள் மகன் தன் அணி ஆடாத ஆட்டங்களையும் விழித்திருந்து பார்ப்பார். பிறகு ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. கடைசி நாலு அணிகள் ஏப்ரலில் மோதும். அதிகம் வென்றது டென்வர். 2025-ல் பட்டம் வெஸ்டர்ன் மிச்சிகனுக்கு, அதுவே அவர்களுக்கு முதல் முறை. கடைசி நிமிடங்களில் கோலியை எடுத்துவிட்டு ஆள் சேர்ப்பது அங்கே அன்றாடக் காட்சி. பாலக்கோட்டு மாணவர் கவனிக்க.

அரையிறுதி டிரா ஆனால் ஷூட்-அவுட்டுக்கு யாரை அனுப்புவது?
– அணித் தலைவர், பென்னாகரம்

ஐந்து பேர், ஆளுக்கு 8 விநாடி, 23 மீட்டர் கோட்டிலிருந்து. பலமாக அடிப்பவர் வேண்டாம். ஓடும்போது பந்தை மட்டையோடு ஒட்டி வைத்திருப்பவர் வேண்டும். 3 விநாடியில் டி-க்குள் நுழைந்து, கோலியை ஒரு பக்கம் இழுத்து, 6-வது விநாடியில் பந்தை விட்டுவிட வேண்டும். 8-க்குக் காத்திருந்தால் விசில் முந்திக்கொள்ளும். பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில், எல்லோரும் களைத்திருக்கும்போது, விசிலோடு ஆடவிட்டு யார் எத்தனை போடுகிறார் என்று குறித்துவையுங்கள். அந்தத் தாளில் மேலே இருக்கும் ஐந்து பெயர் சீனியர்களாக இல்லாவிட்டாலும் அவர்களையே அனுப்புங்கள்.