மளிகைக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுச் சாமான் வாங்குவதில் சிக்கனம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் வரும் கடை விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் பாக்கெட்டுகள் பார்க்க ஒரே அளவில்தான் இருக்கின்றன. ஒன்றில் 1 லிட்டர், இன்னொன்றில் 850 கிராம், மற்றொன்றில் 800 மி.லி. என்று போட்டிருக்கிறார்கள். எது மலிவு என்று கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, ஈரோடு

எல்லாவற்றையும் முதலில் கிராமுக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் 1 லிட்டர் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். 910 என்று வைத்துக்கொண்டால் கணக்குக்குப் போதும். அப்படியானால் 800 மி.லி. என்பது 728 கிராம்.

800 மி.லி. பாக்கெட் 122 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 140 ரூபாய், 1 லிட்டர் பாக்கெட் 147 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை கிடைக்கும். 122-ஐ 728-ஆல் வகுத்தால் கிலோ 167 ரூபாய் 60 காசு. 140-ஐ 850-ஆல் வகுத்தால் 164 ரூபாய் 70 காசு. 147-ஐ 910-ஆல் வகுத்தால் 161 ரூபாய் 50 காசு. மேலட்டையில் எது குறைந்த விலையோ, அதுதான் கிலோவுக்கு அதிக விலை. மாதம் 4 கிலோ எண்ணெய் செலவாகும் வீட்டில் இந்த ஒரு பொருளில் மட்டும் 24 ரூபாய் வித்தியாசம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. முன்பு எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் போன்ற பல பொருட்களை அரசு வகுத்த அளவுகளில்தான் அடைக்க முடியும். 2022-ல் அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிடச் சொன்னார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். இரண்டு தசமத்தோடு சுருக்கி அச்சிடுவதால், 850 கிராம் பாக்கெட்டில் ‘கிராம் 0.16 ரூபாய்’ என்று வரும். 800 மி.லி. பாக்கெட்டில் ‘மி.லி. 0.15 ரூபாய்’ என்று வரும். பார்த்தவுடன் பின்னது மலிவாகத் தெரியும். மி.லி.யையும் கிராமையும் ஒப்பிடுகிறோம் என்பது அவசரத்தில் தோன்றாது. தவிர, கிராமுக்கு ஒரு காசு என்பது கிலோவுக்குப் பத்து ரூபாய். அவ்வளவு வித்தியாசமும் அந்தச் சுருக்கத்துக்குள் மறைந்துவிடலாம். இன்னொன்று, அச்சிட்ட விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடைக்காரர் தள்ளுபடி தந்தால் நீங்கள்தான் மறுபடி வகுத்துப் பார்க்க வேண்டும். போனில் இருக்கும் கால்குலேட்டருக்கு அரை நிமிட வேலை.

செக்கு எண்ணெயிலும் இதைக் கவனியுங்கள். ஒரு செக்கில் கிலோ 400 ரூபாய், அடுத்த செக்கில் லிட்டர் 400 ரூபாய் என்றால் இரண்டும் ஒன்றல்ல. லிட்டரில் வாங்குபவருக்கு 90 கிராம் குறைகிறது. அது 36 ரூபாய் பெறும்.

கேள்வி: பெரிய பாட்டில் வாங்கினால் மலிவு என்பார்கள். ஷாம்பு விஷயத்தில் சாஷேதான் கட்டுப்படியாகிறது என்கிறாள் என் மருமகள். எது சரி? – வாசகி, கும்பகோணம்

ஷாம்புவில் பெரும்பாலும் உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. சாஷேயின் மேல் எத்தனை மி.லி. என்று பார்த்து, 100 மி.லி.க்கு எத்தனை சாஷே வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 1 ரூபாய் சாஷேயில் 5 மி.லி. இருந்தால் 100 மி.லி. 20 ரூபாய்க்கு வந்துவிடும். அதே ஷாம்புவின் பாட்டில் அந்த விலைக்குக் கிடைப்பது அரிது. பாட்டிலில் இருந்து கொட்டும்போது கை தாராளமாகிவிடுவதும் உண்டு.

ஆனால் இதை எல்லாப் பொருளுக்கும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1 ரூபாய், 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் விலையை மாற்றுவது கம்பெனிக்குக் கஷ்டம். அதனால் உள்ளே இருக்கும் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். போன மாதம் போட்ட கணக்கு இந்த மாதம் செல்லாமல் போகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, குளியல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. துணி துவைக்கும் பவுடருக்குக் குறையவில்லை. ஆகவே பழைய கணக்கை ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது? 25 கிலோ மூட்டையைவிட அதை வாங்குவது லாபமா? – வாசகர், தஞ்சாவூர்

2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டு முன்கூட்டியே அடைத்த அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 25 கிலோவைத் தாண்டினால் வரி கிடையாது. அதனால்தான் 26 கிலோ மூட்டை. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரும் சில்லறை அரிசிக்கும் இந்த வரி இல்லை.

மூட்டை விலையை 26-ஆல் வகுக்க மறக்காதீர்கள். பழக்கத்தில் 25-ஆல் வகுத்துவிட்டு, விலை அதிகம் என்று பத்து கிலோ பையை வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். 1,430 ரூபாய் மூட்டை கிலோ 55 ரூபாய். 590 ரூபாய்க்குப் பத்து கிலோ பை என்றால் கிலோ 59. ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் வண்டு வைக்கும். அப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தரை ஈரம் அடியில் ஏறித்தான் கட்டி பிடிக்கிறது.

பழைய அரிசிக்குக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்கலாம். அது தண்ணீர் அதிகம் இழுக்கும், சோறு நன்றாகக் காணும். புது அரிசி குழைந்துவிடும்.

கேள்வி: எங்கள் அம்மா காலத்தில் புளி, மிளகாய், பருப்பு எல்லாம் வருடத்துக்கு மொத்தமாக வாங்குவார்கள். இப்போதும் அது லாபம்தானா? எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது? – வாசகி, விருதுநகர்

புளியும் மிளகாயும் மொத்தமாக வாங்கத் தகுந்தவை. துவரம்பருப்பை மூன்று மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம். உளுந்தை மாதா மாதம் வாங்குங்கள்.

புளியை மாசி, பங்குனியில் வாங்க வேண்டும். புது வரத்து வரும்போதுதான் விலை இறங்கும். கொட்டையோடு வாங்குவதா, கொட்டை நீக்கியதை வாங்குவதா என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஓடு மட்டும் நீக்கிய புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான். 10 கிலோ வாங்கினால் சதை 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தேறும். கொட்டைப்புளி கிலோ 90 ரூபாய், கொட்டை நீக்கியது 140 ரூபாய் என்றால், கொட்டைப்புளியின் உண்மையான விலை 145 ரூபாய் ஆகிறது. உட்கார்ந்து கொட்டை எடுக்கும் வேலை அதற்கு மேல். ரகத்துக்கு ரகம் கொட்டை கூடும் குறையும். ஆகையால் முதலில் கால் கிலோ வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்துவிட்டு நிறுத்துப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள். மாதம் அரை கிலோ செலவாகும் வீட்டுக்கு வருடத்துக்கு 6 கிலோ சதை போதும். ஒரு நாள் வெயிலில் காயவைத்து, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு என்று மாற்றி மாற்றி அமுக்கி வையுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. புளிப்பு அதை அரிக்கும்.

மிளகாய் வாங்கும்போது ஈரத்தைப் பாருங்கள். ஈர மிளகாய் எடை கூடக் காட்டும், வீட்டுக்கு வந்ததும் பூஞ்சை பிடிக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை ஒலிக்க வேண்டும், வளைத்தால் உடைய வேண்டும். வருடத்துக்கு வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அரைத்துவிடாதீர்கள். தூள் நாலைந்து மாதத்தில் நிறமும் மணமும் குறையும். முழு மிளகாயாக வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மில்லுக்குக் கொண்டு போங்கள். மல்லிக்கும் இதுவே முறை.

துவரம்பருப்பில் வண்டு வெளியிலிருந்து வருவது குறைவு. முட்டை பருப்போடே வந்துவிடுகிறது. வாங்கி வந்ததும் இரண்டு நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். காய்ந்த பருப்பைச் சூடாகவே டப்பாவில் போட்டு மூடுவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே வியர்த்து, ஈரம் கண்டு, காயவைத்த பலனே போய்விடும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில் ஈரமில்லாத டப்பாவில் நிரப்பி, நாலைந்து காய்ந்த மிளகாயைப் போட்டு மூடுங்கள். பருப்பில் போரிக் பவுடர் கலக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது உடம்புக்குக் கெடுதல்.

உளுந்து பழசானால் மாவு காணாது. அதே இட்லிக்கு உளுந்து கூடுதலாகப் போட வேண்டிவரும். மொத்தமாக வாங்கி மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

கேள்வி: உழவர் சந்தைக்கு எந்த நேரத்தில் போனால் மலிவு? – வாசகர், திண்டுக்கல்

1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கிய நாளிலிருந்து, அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவது அங்கே வழக்கம். முதலில் அந்தப் பலகையைப் படியுங்கள். கீரை, அவரை, வெண்டை போன்றவற்றுக்கு அதிகாலைதான் நல்லது. சந்தை கலையும் நேரத்தில் விலை குறைத்துத் தருவார்கள், ஆனால் வதங்கிய கீரையில் பாதியைக் கிள்ளி எறிய வேண்டியிருக்கும். பூசணி, சேனை, உருளைக்கிழங்கு, தேங்காய் போன்று வாடாத காய்களைக் கடைசி நேரத்தில் வாங்கலாம்.

சின்ன வெங்காயத்தை நாலைந்து கிலோவாக வாங்கினால் பிளாஸ்டிக் கவரில் விடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் பரப்பி வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும்.

கேள்வி: தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களில்தான் சாமான் வாங்குகிறேன். செலவு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. – வாசகர், சென்னை

பொருள் விலையைப் பார்க்காமல் பில்லின் கடைசி நாலு வரியைப் பாருங்கள். டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்குத் தனிக் கட்டணம் என்று அங்கேதான் சேர்கிறது. 110 ரூபாய் சாமானுக்கு இவை 33 ரூபாய் என்றால், ஒவ்வொரு பொருளையும் 30 சதவீதம் அதிகம் கொடுத்து வாங்குகிறீர்கள். இலவச டெலிவரிக்காக வேண்டாத பொருளைச் சேர்ப்பதும் அதே செலவுதான். தீர்ந்த பொருளை அவ்வப்போது போனில் குறித்து வைத்து, வாரத்துக்கு ஒரு ஆர்டராகப் போடுங்கள். பால், தயிர், முட்டையைத் தெருமுனைக் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: ரேஷனில் நாங்கள் அரிசி வாங்குவதில்லை. மற்றவற்றை விடாமல் வாங்குவது அவசியமா? – வாசகி, நாகர்கோவில்

வாங்குங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது வெளிக்கடை விலைக்குப் பக்கத்திலேயே வராது. மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், இருப்பு தீர்ந்துவிடலாம். வாங்கியதும் போனுக்கு வரும் குறுஞ்செய்தியைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் அங்கேயே கேளுங்கள், சரியாகாவிட்டால் 1967-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்வீட் கடையில் அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுக்கிறார்கள். இது சரியா? – வாசகர், சேலம்

சரியில்லை. பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பொருளை நிறுக்க வேண்டும். 80 கிராம் பெட்டியில் கிலோ 800 ரூபாய் இனிப்பு வாங்கினால், வெறும் அட்டைக்கு 64 ரூபாய் கொடுக்கிறீர்கள். ‘காலிப் பெட்டியை வைத்து ஜீரோ பண்ணிட்டுப் போடுங்க’ என்று இனிப்பை அள்ளுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மின்னணுத் தராசில் அதற்கென்று பொத்தான் இருக்கிறது. மறுத்தால் பில்லை வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.