உள்நாட்டுப் போர்க்காலத்தில் கொழும்பின் பஸ் சேவையை மாநகர சபையா தீர்மானித்தது?

இல்லை. பஸ் சேவை 1958-இல் தேசியமயமாகி, 1979-இல் தனியாருக்கும் திறக்கப்பட்டது. ரயில் எப்போதும் மத்திய அரசிடம். மாநகர சபையின் கையில் எஞ்சியவை குப்பை அகற்றல், உள்வீதிகள், சந்தைகள், அவற்றுக்கான ஒப்பந்தங்கள்.

1996 ஜனவரி 31-இல் மத்திய வங்கி தாக்கப்பட்ட பின் கொழும்பின் கோட்டைப் பகுதியில் வீதிகளை மூடியது பாதுகாப்புத் தரப்பு. சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பயணிகளை பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்ததும் அவசரகாலச் சட்டத்தின் பலத்தில்தான். அந்த அவமதிப்பைத் தடுக்க எந்த மேயருக்கும் அதிகாரம் இருக்கவில்லை; பழியை மாநகர சபைமேல் சுமத்துவது தவறு.

இரண்டாம் உலகப் போரில் கதையே வேறு. போர் முடியும் முன்பே, 1944-இல், ட்ராம் சேவையைத் தனியார் கம்பனியிடமிருந்து மாநகர சபை பொறுப்பேற்றது. நெருக்கடியில் எடுத்த அந்தத் துணிச்சலான முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 1953-இல் ட்ராலி பஸ்களையும் (மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடுபவை) அதே சபைதான் ஓடவிட்டது.