முன்குறிக்கு முன்பே மங்கிய நோட்டு

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். முதல் 20 ஷாட் நன்றாகப் போகிறது. பிறகு துப்பாக்கிக் குழலின் முனையில் இருக்கும் முன்குறி மங்கி, கண்ணில் நீர் கோத்து, புருவத்துக்கு மேலே வலிக்கிறது. இடது கண்ணை இறுக்க மூடித்தான் குறி பார்க்கிறேன். இப்போதெல்லாம் மகள் வீட்டுப்பாட நோட்டை நீட்டினால்கூட எழுத்து கலங்குகிறது, “அம்மாகிட்ட காட்டு” என்று அனுப்பிவிடுகிறேன். கடையில் வாங்கிய படிக்கிற கண்ணாடியைப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். கண்ணுக்கு ஏதாவது பயிற்சி உண்டா?

பதில்: இதற்குப் பயிற்சி கிடையாது. 40 தாண்டியவர்களிடமிருந்து இதே கேள்வி எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மகளின் நோட்டு. எழுத்து கலங்கியபோது நீங்கள் எனக்கு எழுதவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பினீர்கள். ஸ்கோர் இறங்கியதும் பேனா எடுத்துவிட்டீர்கள். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என் நோட்டைப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதானே நினைத்திருப்பாள்? பெற்றவர் செய்கிற காரியமா இது?

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வெள்ளெழுத்து. வயது ஏற ஏற கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்துகொடுக்காது. நோட்டு இருப்பது சுமார் 40 செ.மீ. தூரத்தில், அங்கே கண் உடனே தோற்றுவிடுகிறது. நீட்டிய கையின் முனையில் முன்குறி இருப்பது ஏறக்குறைய 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர். அங்கே 20 ஷாட் வரை தம் பிடித்துவிட்டு, அப்புறம் கைவிடுகிறது. இரண்டும் ஒரே குறைதான். நோட்டை மதித்திருந்தால் ஸ்கோரும் தப்பியிருக்கும்.

கடைக் கண்ணாடி புத்தகத் தூரத்துக்குச் செய்தது, அதனால்தான் இன்னும் மோசமானது. உங்களுக்கு வேண்டியது முன்குறித் தூரத்துக்கான தனி பவர். ரேஞ்சில் காலித் துப்பாக்கியோடு நிலை எடுத்து நில்லுங்கள், கண்ணிலிருந்து முன்குறி வரை பயிற்சியாளர் டேப் வைத்து அளக்கட்டும். அந்த அளவை எழுதிக் கண் டாக்டரிடம் கொடுங்கள். சுடும்போது தலை திரும்பி நிற்பதால், கண்ணாடியின் ஓரம் வழியாகப் பார்த்தால் எவ்வளவு நல்ல பவரும் பயன்படாது, பார்வை லென்ஸின் நடுவில் போக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அதைப் போட்டதும் இலக்கின் கறுப்பு வட்டம் சற்றுக் கலங்கித் தெரியும். தெரியட்டும். ஒரு நேரத்தில் ஒரு தூரம்தான் கண்ணுக்குக் கூர்மை. பிஸ்டலில் அது முன்குறி.

இடது கண்ணை மூடாதீர்கள். அதை இறுக்கினால் வலது கண்ணும் சேர்ந்து இறுகும், உங்கள் புருவ வலியில் பாதி அதுதான். திறந்தே வைத்து, முன்னால் பால் நிறத்தில் ஒரு மறைப்பு மாட்டுங்கள். போட்டியில் 30 மி.மீ. அகலம் வரை அனுமதி. எட்டுப் பத்து நொடிக்குள் ஷாட் போகவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் பழைய பிம்பத்தையே பிடித்துக்கொண்டு ஏமாற்றும், இமைக்க மறந்து கண்ணும் காயும். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது. அவசரம் யாருக்கு?

சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மங்கல் என்று மாறினால் அதுவும் காரணமாக இருக்கலாம். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டரிடம் இரண்டு கண்ணாடி கேளுங்கள். முதலில் செய்ய வேண்டியது நோட்டுக்கு. அது கைக்கு வரும்வரை, இன்றிரவிலிருந்தே மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். “அப்பாவுக்கு எழுத்து தெரியலம்மா, நீ வாசி, நான் கேக்கறேன்” என்று சொல்லுங்கள்.