"இனி கம்ஃபர்ட் மட்டும்" – கடிதம்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறோம். போன கிழமை டொக்டர் எங்களை இருத்திவைத்து, "இனி மருந்து ஏற்றிப் பிரயோசனம் இல்லை, கம்ஃபர்ட் மட்டும் பார்ப்போம்" என்றார். வெளியே வந்ததும் அண்ணா அழுதுவிட்டார். "கைவிட்டுட்டாங்கள். இனி நல்ல கட்டிலும் ஏசியும்தான் எண்டு சொல்றார்" என்றார். சொந்தக்காரருக்கு அதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. வசதி என்றால் ஹோட்டல் மாதிரி இருக்கிறது. ஆறுதல் என்றால் செத்தவீட்டில் சொல்வது போல இருக்கிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் அதற்கு என்ன பொருள் என்று எழுதுவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணா அப்படிக் கேட்டதில் தவறே இல்லை. இன்றைக்குக் கொழும்பில் கம்ஃபர்ட் என்ற சொல் அடுக்குமாடி விளம்பரத்திலும் கார் இருக்கையிலும் செருப்புப் பெட்டியிலும்தான் இருக்கிறது. கடையில் கம்ஃபர்ட் கேட்டால் துணியை மெதுமையாக்கும் போத்தலை எடுத்துத் தருவார்கள். இதையெல்லாம் கேட்டுப் பழகிய காதில் டொக்டர் சொன்னது சொகுசு என்றுதான் விழும்.

ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் மெதுமை கொஞ்சமும் இல்லை. லத்தீனில் ஃபோர்ட்டிஸ் என்றால் வலிமை உள்ளது. ஆங்கிலத்தில் கோட்டையைக் குறிக்கும் ஃபோர்ட்டும் அந்த வழியில் வந்ததுதான். நம்முடைய கொழும்பு ஃபோர்ட் ரயில் நிலையத்தின் பெயரிலும், டொக்டர் உங்களிடம் சொன்ன சொல்லிலும் இருப்பது ஒரே வேர். அதன் முன்னால் 'நன்றாக, முழுக்க' என்று அழுத்தம் கொடுக்கும் ஒரு முன்னொட்டைச் சேர்த்து, பிற்கால லத்தீனில் கொன்ஃபோர்ட்டாரே என்று ஒரு வினைச்சொல் உண்டாயிற்று. நன்றாக வலுவூட்டு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

அந்தக் கால ஆங்கிலத்தில் இது எவ்வளவு கெட்டியான சொல் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று, 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில வேதாகமம். ஏசாயா 41ஆம் அதிகாரத்தில், செய்து முடித்த சிலை ஆடாமல் அசையாமல் நிற்பதற்காக ஆணி அடித்து இறுக்குவார்கள். அந்த இடத்தில் விக்ளிஃப் மொழிபெயர்ப்பு, அவன் அதை ஆணிகளால் 'கம்ஃபர்ட்' செய்தான் என்கிறது. ஆணி அடிப்பதுதான் கம்ஃபர்ட்! பிலிப்பியர் 4:13இலும் அப்படித்தான். எனக்குப் பலம் தருகிறவரால் எல்லாம் செய்ய முடியும் என்ற வசனத்தில் 'பலம் தருகிறவர்' என்ற இடத்தில் இதே சொல் நிற்கிறது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் அங்கே நேரடியாகப் 'பலப்படுத்து' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். கம்ஃபர்ட்டிலிருந்து பலம் மெல்லக் கழன்றுகொண்டிருந்த காலம் அது என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்தில் மட்டும் பழைய பொருள் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் 1351ஆம் ஆண்டு இராஜத்துரோகச் சட்டம், மன்னரின் எதிரிகளுக்கு 'உதவியும் கம்ஃபர்ட்டும்' கொடுப்பதைக் குற்றம் என்கிறது. அமெரிக்க அரசியலமைப்பிலும் அதே சொற்றொடர் இருக்கிறது. எதிரிக்குக் கைகொடுத்து அவன் பலத்தைக் கூட்டுவதுதான் அங்கே குற்றம். மெத்தை விரித்துக் கொடுப்பதைப் பற்றி யாரும் சட்டம் எழுதவில்லை.

துக்கத்தில் இருப்பவருக்குத் தெம்பூட்டுவது என்ற பொருளும் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தது. கதிரை, கணப்பு, கட்டில் என்று உடம்பின் சொகுசுக்கு அது இறங்கியது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களில் காசைப் போடத் தொடங்கிய காலத்தில். அப்புறம் 1920களில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் எந்த வெப்பமும் எந்த ஈரப்பதனும் மனிதருக்கு இதமாக இருக்கும் என்று அளந்து, வரைபடத்தில் ஒரு பகுதியைக் குறித்து, அதற்குக் 'கம்ஃபர்ட் வலயம்' என்று பெயர் வைத்தார்கள். அண்ணா சொன்ன ஏசி அந்தப் பரம்பரையில் வந்தது.

வேர் இதுதான், ஆகவே பொருளும் இதுதான் என்று வாதிடுவது எனக்குப் பிடிக்காது. சொல்லுக்குப் பொருள் தருவது பேசுகிறவர்கள். ஆனால் உங்கள் டொக்டரின் துறை அந்தப் பழைய பொருளை நிஜமாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன்.

1967இல் லண்டனில், இறுதிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார் சிசிலி சாண்டர்ஸ். தாதியாக, சமூகப் பணியாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். குணமாக்க முடியாத நோயாளிக்கும் செய்வதற்கு நிறைய மருத்துவம் இருக்கிறது என்று காட்டியவர். நோவு வந்து நோயாளி துடித்த பிறகு ஊசி போடுவதுதான் அன்றைக்கு வழக்கம். அவரோ, நோவு திரும்புவதற்கு முன்பே, மணி பார்த்து, ஒழுங்காக மோர்ஃபீன் கொடுக்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலும் முடிந்தவரை வாய்வழியாக, மணிக்கணக்குப்படி, படிப்படியாகக் கொடுங்கள் என்றது. நோவு அடங்கினால் மனிதருக்கு நித்திரை வரும். நித்திரை கொண்டால் பேசலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். இது வலுவூட்டுவது இல்லாமல் வேறென்ன?

இனித் தமிழுக்கு வருகிறேன். வசதி வேண்டாம், நீங்கள் சொன்னது சரி. அது வடமொழியில் தங்குமிடத்தைக் குறித்த சொல், உங்களுக்கு ஹோட்டல் ஞாபகம் வந்ததும் பொருத்தம்தான். ஆறுதல் நல்ல சொல். காய்ச்சின பால் ஆறும், புண் ஆறும், மனமும் ஆறும். சூடு தணிவதுதான் அதன் உள்ளே இருப்பது. ஆனால் நம்மிடம் தேறு, தேற்று என்று ஒரு சோடி இருக்கிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

காய்ச்சலில் கிடந்தவர் எழும்பி நடமாடினால் "உடம்பு தேறிட்டுது" என்கிறோம். அதாவது பலம் வந்துவிட்டது. அழுகிறவரைத் தேற்றுகிறோம். இலக்கணத்தில், 'உண்டே மறுமை' (மறுமை நிச்சயம் உண்டு) என்று உறுதியாகச் சொல்லும் ஏகாரம் தேற்ற ஏகாரம். பள்ளிக்கூடத்தில் பைதகரசின் தேற்றம் படித்தோமே, நிறுவி உறுதியாக்கிய கூற்று, அதுவும் இதே சொல்தான். கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கப் பானைக்குள் உரசும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். இல்லம் என்ற பழைய பெயருள்ள அந்த மரத்தின் விதையால் கலங்கிய நீர் தெளிவதுபோல் ஒருத்தி தெளிந்து நலம் பெற்றாள் என்று கலித்தொகை சொல்கிறது. பலம், உறுதி, தெளிவு, துக்கம் தணிவது எல்லாம் ஒரே சொல்லுக்குள். லத்தீன்காரர் வலிமையிலிருந்து கம்ஃபர்ட்டுக்குப் போனார்கள். தமிழ் அந்த இரண்டையும் பிரிக்கவே இல்லை. தமிழ் வேதாகமத்தில், ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட்டர்' என்று வரும் இடத்துக்குத் தேற்றரவாளன் என்று போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இலங்கைத் தமிழர் இன்னொன்றையும் அழகாகச் செய்திருக்கிறோம். தமிழ்நாட்டில் மனநல ஆலோசனை என்பதற்கு இங்கே உளவளத்துணை என்கிறோம். ஆலோசனையில் ஒருவர் புத்தி சொல்வார், மற்றவர் கேட்பார். உளவளத்துணையில் ஒருவர் மற்றவரின் உள்ளத்து வளத்துக்குத் துணை நிற்கிறார். கொன்ஃபோர்ட்டாரே என்ற சொல்லை இவ்வளவு கிட்டத் தொடும் வேறு சொல்லை நான் எந்த அரசாங்கப் படிவத்திலும் கண்டதில்லை.

ஆகவே சொந்தக்காரருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வருத்தத்தை மாத்துற மருந்தை நிப்பாட்டியாச்சு. இனி அம்மாவின்ட நோவை அடக்கி, அவவைத் தெம்பா வச்சிருக்கிறதுக்குத்தான் மருந்து." எழுத்தில் வேண்டுமானால் 'நோவு தணித்துத் தேற்றும் பராமரிப்பு' என்று போடலாம். நீளம்தான், ஆனால் யாரும் கட்டிலையும் ஏசியையும் நினைக்க மாட்டார்கள்.

அண்ணாவுக்கு விளக்கம் சொல்வதைவிட வேலை கொடுப்பது நல்லது. மருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். ராத்திரி மருந்தும் அதில் இருக்கட்டும். மோர்ஃபீன் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே டொக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். படுத்த படுக்கையாக இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வாய் காய்ந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றிவிடலாம். மூச்சு முட்டினால் மேசை விசிறியின் காற்று முகத்தில் படும்படி வையுங்கள், அதுவே இளைப்பைக் குறைக்கும். நோவு எந்த நேரத்தில் கூடுகிறது என்பதை அண்ணாவே குறித்து வைத்து, அடுத்த முறை டொக்டரிடம் அந்தத் தாளைக் காட்டட்டும். அதைப் பார்த்துத்தான் அவர் அளவை மாற்றுவார்.