பழைய ஆங்கிலக் கவிதையில் இயேசு ஏன் போர்வீரராக வருகிறார்?

கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள், தெரியாத ஒன்றைச் சுமந்து நின்றால் அது குறியீடு. ‘சிலுவையின் கனவு’ என்ற பழைய ஆங்கிலக் கவிதையில் அந்தப் பொருள் சிலுவை மரம். அதுவே வாய் திறந்து தன் கதையைச் சொல்கிறது.

இதில் இயேசுவை யாரும் இழுத்து வருவதில்லை. இளம் வீரராக, ஆடை களைந்து, தாமே துணிந்து மரத்தில் ஏறுகிறார். மரம் அவருடைய படைவீரன். பகைவர்களை வீழ்த்தும் வலு அதற்கு உண்டு. ஆனால் வளையவோ ஒடியவோ கூடாது என்பது தலைவரின் கட்டளை. காக்க வேண்டியவனே அவர் உயிர் போகக் கருவியாகிறான். கீழ்ப்படிவதே துரோகம்போல் ஆகிவிடும் இந்த இடம்தான், என் பார்வையில், கவிதையின் உயிர். சிலுவையும் ஒரு கணம் பொன்னும் மணியுமாக மின்னுகிறது, மறுகணம் குருதியில் நனைகிறது. வெற்றியும் வேதனையும் ஒரே மரத்தில்!

இயேசு வீரராக வருவதற்குக் காரணம், இந்தக் கவிதையைக் கேட்ட மக்களிடம் இருக்கிறது. 597இல் ரோமிலிருந்து கிறிஸ்தவக் குழு இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு வந்தபோது, அங்கிருந்தவர்கள் போற்றியது தலைவனுக்காக உயிர்விடும் வீரனை. தெரிந்த மெட்டில் புதுப் பாட்டைப் பாடினால் ஊர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் அல்லவா? 14ஆம் நூற்றாண்டின் ‘பியர்ஸ் ப்ளோமன்’ கவிதையிலும் இயேசு ஈட்டிப் போட்டிக்கு வரும் வீரர்தான்.

பழைய வீரப்பாடலுக்குப் பூசிய கிறிஸ்தவச் சாயம் இது என்று சிலர் நினைப்பது சரியல்ல: ‘சிலுவையின் கனவு’ முழுதாகக் கிடைப்பது மறையுரைகள் நிறைந்த, இத்தாலியின் வெர்செல்லி நகரில் உள்ள கையெழுத்துப் பிரதியில், அதன் சில வரிகள் ஸ்காட்லாந்தின் ரூத்வெல் கற்சிலுவையிலேயே ரூன் என்ற பழங்கால ஜெர்மானிய எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன.